பெப்பர்மிண்ட் எண்ணெயும் பங்களா குளியலறையும்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த பொறியாளர்கள் சிலரையும் அழைத்திருந்தார்கள். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். என் முறை வந்தபோது, குளியலறை நாற்றத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று மைக்கில் சொன்னேன். தலைவர் எழுந்து வந்து என் காதோரம் குனிந்து, அடுத்தது சாப்பாடு, வேறு ஏதாவது பேசுங்கள் என்றார். வேறு ஏதாவது எனக்குத் தெரியாது. சித்தூரிலும் திருப்பதியிலும் அரசாங்கக் கட்டடங்களில் குழாய் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சாம்பார் சாதம் வந்தது.

கை கழுவும் இடத்தில் ஒரு இளம் பொறியாளர், பெண் பிள்ளை, என்னைத் தேடி வந்தார். அவர் அலுவலகக் குளியலறையில் ஒரு மக்கிய வாடையாம். கலர் கலராக வாசனை உருண்டை போட்டுப் பார்த்தார்களாம், போகவில்லையாம். முதலில் உருண்டையைத் தூக்கிப் போடுங்கள், அதன் வாசனையில் உங்கள் மூக்குக்கு வேறு எதுவும் பிடிபடாது என்றேன். பிறகு என்ன செய்வது என்று கேட்டார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பேருந்து போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் சாப்பாட்டைக் காட்டி நிறுத்த யாராலும் முடியாது.

எனக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு சிற்றூர். என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நடவும் அறுப்புமாகக் காலம் போயிற்று. மாமா ஒருவர் என்னை மதராஸில் ஒரு குழாய்க் கடையில் சேர்த்துவிட்டார். அங்கே குழாய் முனையில் திருகு மரை வெட்டவும், சணல் சுற்றி வெள்ளை ஈயம் பூசி இணைக்கவும் கற்றேன். அடியும் வாங்கினேன். ஆந்திர மாநிலம் பிரிந்த புதிதில் சித்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். வேலை ஆந்திராவில், வீடு மதராஸ் மாநிலத்தில். சில வருஷம் கழித்து எல்லையைத் திருத்தினார்கள். எங்கள் ஊரைத் தூக்கி ஆந்திராவில் வைத்துவிட்டார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் விஷயத்தில் ஊரே என் பின்னால் வந்து சேர்ந்தது.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ஓவர்சியர் ரங்கய்ய நாயுடு. தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுவார். பொடி போடுவார். பொடி போடுவார் என்றால் சாதாரணமாக இல்லை. அவர் மேல்துண்டின் ஒரு மூலை எப்போதும் காவி நிறமாக இருக்கும். அந்த மூக்குக்கு எந்த வாடையும் தெரியாது. சாக்கடை மூடியைத் திறந்து அதன் மேலேயே குந்தி, பொறுமையாக டீ குடிப்பார். சித்தூர் வட்டாரத்தில் நாற்றம் சம்பந்தப்பட்ட எல்லாப் புகாருக்கும் அவர்தான் பொறுப்பு. அரசாங்கம் ஆள் பார்த்துத்தான் போட்டிருந்தது.

மூக்கு இல்லாததால் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நாற்றத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். காலையிலா, மாலையிலா? கதவு மூடியிருக்கும்போதா, திறந்திருக்கும்போதா? குளிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? நின்றால் அதிகமா, குனிந்தால் அதிகமா? எல்லாம் கேட்டு முடிக்கும்வரை என்னைச் சாவியைத் தொட விடமாட்டார். குழாய் திருகும் சாவியைச் சொல்கிறேன்.

என்னை முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனது திருப்பதியில் ஒரு சத்திரத்துக்கு. திருவிழாக் கூட்டம் போன பிறகு குளியலறைகளில் நாற்றம் தாங்கவில்லை. யாத்ரிகர்கள் அசுத்தம் செய்துவிட்டார்கள் என்பது மேனேஜரின் கட்சி. பன்னீர் தெளித்திருந்தார், சாம்பிராணி போட்டிருந்தார், சுத்தி பூஜைக்கு ஒரு சாஸ்திரிகளிடமும் சொல்லி வைத்திருந்தார். நாயுடு எந்தெந்த அறை என்று கேட்டார். பூட்டிக் கிடந்த அறைகள் மட்டும்தான் நாறின. ஆள் இருந்த அறைகள் சுத்தம். தரையில் தண்ணீர் போகிற துவாரத்துக்குக் கீழே குழாய் வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் சாக்கடைக் காற்றுக்கு மூடி. அறையைப் பூட்டிவைத்தால் தண்ணீர் காய்ந்துவிடும், மூடி போய்விடும். அறைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னார். மாலைக்குள் சரியாகிவிட்டது.  இனி சாஸ்திரிகளிடம் என்ன சொல்வது என்பது மேனேஜரின் கவலை.

இன்னொன்று, சித்தூரில் ஒரு அதிகாரி வீடு. குளிக்கிற இடத்தில் தேக்குப் பலகை போட்டு அதன் மேல் நின்று குளிப்பார். பலகையைப் புரட்டினால் அடியில் வெள்ளையும் கறுப்புமாகப் பூசணம், கம்பளி மாதிரி. அதைத்தான் தினமும் மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எடுத்து வெயிலில் போட்டோம், வாடை போயிற்று. மாமனார் கொடுத்த பலகை என்று இரண்டே நாளில் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். வாடையும் திரும்ப வந்தது. நாயுடு இரண்டாம் தடவை போக மறுத்துவிட்டார். அது குடும்ப விவகாரம், நம் இலாகா இல்லை என்றார்.

இப்போது பங்களாவுக்கு வருகிறேன். எல்லைத் தகராறு சூடாக இருந்த நேரம். எந்த ஊர் யாருக்கு என்று தமிழ்க் கட்சியும் தெலுங்குக் கட்சியும் மாறி மாறி ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மனுக்களை நேரில் கேட்க வடக்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, சித்தூரில் ஒரு அரசாங்க பங்களாவில் தங்கினார். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அதனால்தான் நடுநிலை.

காலையில் நாயுடு என் குடிசை வாசலுக்கே வந்துவிட்டார். "பங்களா பாத்ரூம்ல வாசன வஸ்தாந்தி" என்றார்.

வாசனை வருகிறது என்றால் நல்லதுதானே சார் என்றேன். தெலுங்கில் வாசனை என்றால் நாற்றமும் அதில் சேர்த்தி என்பது அப்போது எனக்குப் பழகவில்லை. போகிற வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி முதல் நாள் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர் தும்மத் தொடங்கி, பிறகு மூச்சு இழுத்து, இரவெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். மாலைக்குள் அந்த வாடை போகாவிட்டால் விசாரணையை முடித்துக்கொண்டு கிளம்புவேன் என்று சொல்லிவிட்டாராம். பங்களாவுக்கு எதிரே புளியமரத்தடியில் வடமாலபேட்டையிலிருந்தும் ராமகுப்பத்திலிருந்தும் மனுக் கொடுக்க வந்த சனங்கள் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

 அந்தக் குளியலறையில் புதுசாக வைத்த கம்மோடை இணைத்தவன் நான்தான். இணைப்பு கசிந்திருந்தால் என் வேலை போகும். தமிழன் வேண்டுமென்றே செய்தான் என்று சேர்த்துச் சொல்லவும் ஊரில் ஆள் இருந்தது.

ஆனால் பழி ஏற்கெனவே வேறு ஒருத்தி தலையில் விழுந்திருந்தது. முனியம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பங்களாக் கக்கூசும் குளியலறையும் கழுவுவது அவள் வேலை. அந்தக் காலத்து பங்களாக்களில் குளியலறைக்குப் பின்பக்கம் தனியாக ஒரு கதவு இருக்கும், கழுவ வருகிறவர்களுக்காக. அத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை. கூடத்தில் என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் குப்புசாமி அதில் கண்டிப்பு. காக்கிச் சட்டையும் பித்தளை வில்லையுமாக, யார் எந்தக் கதவால் வரலாம் என்று தீர்மானிப்பது அவன்தான். அவன்தான் பெரியவர்களிடம், இவள் ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று சொல்லியிருந்தான். மாலைக்குள் நாற்றம் போகாவிட்டால் அவளை நிறுத்திவிடும்படி நாயுடுவுக்கு உத்தரவாகிவிட்டது.

நாங்கள் போனபோது அவள் பின்வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "தெனம் பினாயில் ஊத்திக் கழுவிக்கினு கீறேன். இது ஏதோ செத்த வாடை. மரநாய் உள்ள பூந்து செத்துக் கீது. அதுக்கு நானா பொறுப்பு?" என்றாள்.

கக்கூசுத் தொட்டி நிறைந்துவிட்டது என்பது குப்புசாமியின் வாதம். நாயுடு இருவரையும் நிற்கவைத்துத் தன் கேள்விகளைத் தொடங்கினார். மத்தியானம் வாடை குறைவு. வெந்நீரில் குளித்தால் அதிகம். மழை பெய்த மறுநாள் இன்னும் அதிகம். ஐப்பசி மாதம், மழை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நான் முகர்ந்து பார்த்தேன். சாக்கடை நாற்றம் இல்லை. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரிப் புழுங்கின வாடை. அப்பாடா என்றிருந்தது. நாயுடுவிடம் சொன்னேன். உன் மூக்கு உன் வேலையைக் காப்பாற்றத்தான் பார்க்கும், சோதனை போடு என்றார்.

சோதனை என்றால் பெப்பர்மிண்ட் எண்ணெய். இங்கிலீஷ் மருந்துக் கடையில் ஒரு சின்ன சீசா வாங்கி வரச் சொன்னார். கக்கூசுக் குழாயிலிருந்து காற்று போக ஒரு குழாய் சுவரோடு ஏறி, கூரைக்கு மேலே முடியும். அதன் வாயில் எண்ணெயை விட்டு, பின்னாலேயே வெந்நீரை ஊற்ற வேண்டும். ஆவியோடு அந்த வாசனை குழாய் முழுக்கப் பரவும். எங்கேயாவது கசிவு இருந்தால், அறைக்குள் பெப்பர்மிண்ட் வாசனை வரும். கசிவு இல்லையென்றால் வராது. இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஊற்றுகிறவன் கீழே இறங்கக் கூடாது. அவன் கையும் சட்டையும் அந்த வாசனையைக் கொண்டுவந்துவிடும், சோதனை கெட்டுவிடும். ஆகவே ஊற்றிவிட்டு நான் ஓட்டுக் கூரை மேலேயே வெயிலில் உட்கார வேண்டியதாயிற்று. எனக்குத் துணை குரங்குகள். சித்தூர்க் குரங்குகளுக்கு ஓட்டைப் பெயர்த்துப் பல்லி பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. குளியலறைக்கு மேலே நாலைந்து ஓடுகள் விலகிக் கிடந்தன. பார்த்தேன். அவ்வளவுதான், அதற்குமேல் அப்போது யோசிக்கவில்லை. பெரிய குரங்கு ஒன்று என் கையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிற்று.

கீழே யார் முகர்வது என்று ஒரு சிக்கல். நாயுடுவால் முடியாது. நான் கூரை மேல். மிச்சம் இருந்தது வழக்கில் வாதியும் பிரதிவாதியும்தான். நாயுடு இருவரையும் உள்ளே நிறுத்தி எல்லாக் கதவையும் மூடினார். ஓட்டு இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

புதுசாக எந்த வாசனையும் இல்லை என்றாள் முனியம்மா. வருகிறது என்றான் குப்புசாமி. எப்படி இருக்கிறது என்று நாயுடு கேட்டார்.  மல்லிகைப்பூ மாதிரி இருக்கிறது என்றான். நாயுடு வெளியே வந்து, நான் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கிவிட்ட காலி சீசாவை வாங்கிப்போய் அவன் மூக்கில் வைத்தார் போலிருக்கிறது. அவன் இருமுவது கேட்டது. இதுவா என்றார். இல்லை என்று ஒத்துக்கொண்டான். என் இணைப்பு தப்பித்தது. நான் கூரை மேலேயே இரண்டு கையையும் கூப்பி ஏழுமலையானைக் கும்பிட்டேன். என் பெயரும் ஏழுமலை என்பதால் கொஞ்சம் உரிமையோடு.

குளத்தில் முழுகி வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். அடுத்தது ஊதுபத்தி. பற்றவைத்துச் சுவரோரமாக, தரையோரமாக, ஜன்னலோரமாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறதோ அங்கே புகை ஆடும். தரையில் ஆடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி மேலே பிடித்தேன். வெள்ளைக்காரன் காலத்து பங்களா. ஓட்டுக்குக் கீழே வெள்ளை அடித்த பலகைத் தளம் இருந்தது. அதன் ஒரு மூலையில், பலகை இடுக்கில், மேலே போக வேண்டிய புகை கீழே அமுங்கி என் முகத்துக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தோளில் சொட்டென்று ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தேன், சிவப்பு.

நாயுடு பொடி டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். முனியம்மா மட்டும் கிட்டே வந்து பார்த்தாள். "அடப்பாவி, இதான் தெனம் தரையில கெடந்துச்சு. வெத்தல எச்சில்னு நெனச்சி இந்தக் குப்புசாமிய வாய்க்கு வந்தபடி திட்டிக்கினே தேச்சிக் கழுவினேனே" என்றாள்.

குப்புசாமி உடனே, பலகையைக் கழற்றக் கூடாது, ரொம்பப் பழசு, பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தான். சொன்னதையே இரண்டு தடவை சொன்னான். நாயுடுவுக்கு மூக்குதான் இல்லை, காது உண்டு. பக்கத்து அறை சாமான் அறை, அதன் சாவியைக் கொடு என்று கையை நீட்டினார்.

சாமான் அறைச் சுவர் கூரைவரை போகவில்லை. ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்த்தேன். குளியலறைத் தளத்துக்கு மேலே மூட்டை மூட்டையாகத் துணி. கை வைத்தால் ஊறின சோறு மாதிரி குழைந்தது. அந்த வாடையை எழுத்தில் எழுத முடியாது. கூட்டத்தில் தலைவர் என்னை நிறுத்தியதும் நியாயம்தான். இழுத்துக் கீழே போட்டேன். பின்முற்றத்தில் பிரித்தபோதுதான் என்னவென்று தெரிந்தது. ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டு போகிற துணிப் பதாகைகள். காடாத் துணியில் சிவப்புச் சாயத்தில் ஆள் உயர எழுத்து. பாதி தமிழ், பாதி தெலுங்கு.

முனியம்மாவுக்கு எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சித்தூர் எங்களுடையது என்று நான் தமிழைப் படித்தேன். நாயுடு தெலுங்கைப் படித்தார். அதுவும் அதையேதான் சொன்னது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கா அந்தக் கத்து கத்துனானுங்க" என்றாள்.

குப்புசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊர்வலங்கள் எல்லாம் பங்களா வாசலில்தான் முடியும். கோஷம் போட்டுக் களைத்தவர்கள் பதாகையை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நல்ல கெட்டித் துணி. அவன் கட்சி பார்க்காமல் இரண்டு பக்கத்தையும் பொறுக்கி வைத்திருக்கிறான். பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது, மெத்தை உறை தைக்கலாம் என்று நினைப்பு. துவைத்துப் பார்த்தும் எழுத்து முழுசாகப் போகவில்லை. பிறகு கேட்டில் போலீஸ் நிற்க ஆரம்பித்ததும் வெளியே எடுக்க பயம். குரங்கு ஓட்டை விலக்கியது, மழை இறங்கியது, கீழேயிருந்து வெந்நீர் ஆவி ஏறியது. துணி ஊறி வேகவே ஆரம்பித்துவிட்டது.

அது தெரிந்தால் அவன் வேலை போவதோடு நிற்காது. எல்லைக் கலவரத்துக்கு பங்களாவுக்குள்ளேயே ஆள் வைத்திருந்தார்கள் என்று வழக்கு வரும். எந்தக் கட்சி ஆள் என்று போலீஸ் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு கட்சிக்கும் சேர்த்து அடித்திருப்பார்கள். அவன் நாயுடு காலைப் பிடிக்க வந்தான். நாயுடு காலை இழுத்துக்கொண்டு, போகவிருந்தது என் வேலை இல்லை, அவள் வேலை, அவளைக் கேள் என்றார்.

குப்புசாமி முனியம்மா பக்கம் திரும்பினான். கையைக் கூப்பினான். அவளும் அவனை உடனே விடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள், முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"நான் யாரண்டையும் சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு அந்தத் தொர மனு வாங்கும்போது நானும் போவணும். முன்வாசல் வழியா. நீதான் கதவத் தொறந்து கூட்டிக்கினு போவணும்" என்றாள்.

குப்புசாமி நாயுடுவைப் பார்த்தான். நாயுடு பொடி டப்பாவை மறுபடியும் கீழே போட்டுவிட்டு, குனிந்து மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டே இருந்தார்.

மத்தியான வெயிலில் துணிகளை எழுத்து தெரியாமல் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்தோம். நான் ஓட்டைச் சரி செய்து, தளப் பலகைகளைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்தேன். மக்கின துணியெல்லாம் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் போயிற்று. மறுநாள் காலை அதிகாரி இரண்டு மொழி கோஷத்திலும் காய்ந்த வெந்நீரில் குளித்தார். தும்மல் இல்லை. வெந்நீர் நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினார்.

விசாரணை நடந்தது. கூடத்தின் ஒரு பக்கம் தமிழ்ப் பிரமுகர்கள், மறு பக்கம் தெலுங்குப் பிரமுகர்கள், எல்லோரும் இஸ்திரி மடிப்போடு. பின்வாசல் இடுக்கில் நின்று நான் பார்த்தேன். முன்கதவைக் குப்புசாமி திறந்தான். பித்தளை வில்லை பளபளக்க, முன்னால் நடந்துவந்தான். பின்னால் முனியம்மா, தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த புடவையில். அவள் நடுக்கூடத்தில் நின்று முதலில் சுவரைத்தான் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு சலசலப்பு. அதிகாரி கையை உயர்த்தினார், அடங்கியது. எந்த மாநிலத்தில் சேர விருப்பம் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எங்க காலனிக்கு ஒரு கொழா போடணும். எந்த சர்க்காரு போடுதோ அதுல சேத்துக்கங்க" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். அதிகாரி விடவில்லை, முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பிரமுகர்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருமினார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அவள் கும்பிடு போட்டுவிட்டு, வந்த வழியே, முன்வாசலாகவே வெளியே போனாள்.

அதனால் குழாய் வந்துவிடவில்லை. எல்லையைத் தீர்த்தார்கள், சித்தூர் ஆந்திராவில் நின்றது, திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் இந்தப் பக்கம் வந்தது. குப்புசாமி பெண்ணின் கல்யாணம் மெத்தை இல்லாமலே நடந்தது. நாயுடு ஓய்வு பெற்று, பொடியோடு நெல்லூர் போய்ச் சேர்ந்தார். குழாய் வந்தது அதற்கெல்லாம் ரொம்ப நாள் பின்னால், ஒரு தேர்தலுக்கு முன்னால். இணைப்புக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

கடைசி மரையை இறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். காலனிப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். முனியம்மாவுக்கு அதற்குள் முன்பல் இரண்டு போயிருந்தது. வரிசையில் முதல் ஆள் அவள்தான். குழாயைத் திறந்தேன். காற்று இரைந்தது, கொஞ்சம் செம்மண் நிறமாக வந்தது, பிறகு தெளிந்தது. அவள் குடத்தை வைக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல நீ கையக் கழுவு ஏழுமல. எங்கெங்க உட்டுட்டு வந்தியோ" என்றாள்.

சீயக்காய்த் தூளும் கொடுத்தாள். இரண்டு கையையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். புரட்டிக் காட்டச் சொன்னாள், காட்டினேன். அப்புறம்தான் குடத்தை வைத்தாள்.